முன்னால் ஓடியவன் முகம்

காலை 8.22. பந்தயத்தின் கடைசி ஆளுக்கும் பின்னால் வந்துகொண்டிருந்த 'வால்' பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார். உடனே போனை எடுத்தார்.

வால் என்பது அவர் பார்த்த வேலையின் பெயர். ஏரியைச் சுற்றிப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டம். முதல் எட்டரை காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை. மீதி வெட்டவெளியாய் ஏரிக்கரை. முந்தின நாள் மாலை வழிநெடுக சிவப்பு ரிப்பன் கட்டுவார்கள். எல்லோரும் ஓடிப் போனபின் வால் அதை அவிழ்த்துக்கொண்டே வருவார்.

எட்டாவது கிலோமீட்டரில் பாதை இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் கல்குவாரிப் பள்ளத்தின் விளிம்பில் போகும் பழைய வழி. மழையில் பாதி சரிந்துவிட்டது. வலது பக்கம் இந்த வருடம் வெட்டிய புது வழி. ரிப்பன்கள் ஒழுங்காக வலது பக்கமே இருந்தன. ஆனால் இடது பக்கப் பள்ளத்தில் செத்துக் கிடந்தவன், மூன்று வருடமாகக் கோப்பையை யாருக்கும் விட்டுக்கொடுக்காத 'சிறுத்தை'.

9.40. இன்ஸ்பெக்டர் வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. முழங்கால் வலி, அதைவிடக் கொஞ்சம் அதிகமாக வாய். கயிற்றைப் பிடித்து இறங்கிப் பார்த்தார். சிறுத்தையின் தொப்பி, புருவம், கை எங்கும் சிலந்தி நூல் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது.

"தொடையில ஆழமா வெட்டு, மேடம்," என்றார் டாக்டர். "கால் மணி நேரமாவது நினைவோட கத்தியிருப்பார். அதுக்குள்ள யாராவது கட்டுப் போட்டிருந்தா பிழைச்சிருப்பார்."

கிளப் செயலாளருக்கு அவசரம். மண்டபத்தில் பரிசளிப்பு விழா காத்திருந்தது.

"விபத்துதான் மேடம். ரிப்பன் சரியா இருக்கு. குறுக்கால போகப் பாத்து விழுந்துட்டார்."

"மூணு வருஷமா ஜெயிக்கிறவருக்கு எதுக்குங்க குறுக்கு வழி?"

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் அவரை விடவில்லை.

"இந்தப் பள்ளத்துல இதுக்கு முன்னாடி யாராவது?"

"போன வருஷம் ஒரு பையன் விழுந்து செத்தான். ஓட்டக்காரங்களுக்குத் தண்ணி கொடுக்கிற அக்காவோட தம்பி. சிறுத்தைக்குப் பின்னால ஓடிட்டிருந்தான். யாருமே பாக்கல. அதனாலதான் புது வழி வெட்டினோம்."

"இன்னிக்குக் காலையில ஓட்டக்காரங்களுக்கு முன்னாடி காட்டுக்குள்ள போனது யாரு?"

"ஒருத்தரும் கிடையாது. தண்ணி மேஜைக்கு ஆளைப் படகுலதான் இறக்குவோம்."

10.15. முதலாவதாக வந்த 'நெட்டை' துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூன்று வருடமும் இரண்டாவதாக வந்தவன். சிறுத்தை செத்ததில் லாபம் இவனுக்குத்தான். வெள்ளைச் சட்டை, வியர்வையைத் தவிர அதில் ஒன்றுமில்லை. எல்லையைத் தாண்டிய நொடியில் எடுத்த படத்திலும் அப்படியேதான் பளிச்சென்று இருந்தான்.

"சிறுத்தைக்கு எவ்வளவு பின்னால இருந்தீங்க?"

"ஆறேழு நிமிஷம். வழி பிரியற இடத்துக்கு 6.47க்கு வந்தேன். ரிப்பன் பாத்து வலது பக்கம் திரும்பினேன்."

"சத்தம் ஏதாவது?"

"இல்ல மேடம்." பதில் கேள்வியை விடச் சீக்கிரமாக வந்தது.

"அப்புறம்?"

"காடு முடியற இடத்துல தண்ணி மேஜை. அக்கா தண்ணி கொடுத்தாங்க. முன்னால போனவர் எங்கன்னு கேட்டாங்க. தெரியலன்னேன்."

11.00. தண்ணி மேஜை வெட்டவெளிக் கரையில் இருந்தது. பக்கத்தில் மரம் என்று பெயருக்குக்கூட ஒன்றில்லை. நாற்பது வயது அக்கா காகிதக் குவளைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலையில் சாயம் போன நீலத் தொப்பி. அதன் விளிம்பில் சாம்பல் நிறத்தில் நூல் நூலாகத் தொங்கியது. பழைய தொப்பிதானே, பிரிந்திருக்கும். மேஜைக்கு அடியில் ஒரு சுருள் கயிறு.

"எப்ப வந்தீங்க?"

"அஞ்சே காலுக்குப் படகுக்காரர் இறக்கி விட்டாரு. அப்புறம் இந்த இடத்த விட்டு நகரல."

"கயிறு எதுக்கு?"

"காத்தடிச்சா மேஜைய கட்ட."

காற்று நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தது. மேஜை கட்டப்படவில்லை.

மறுநாள் காலை 6.10. இன்ஸ்பெக்டர் முழங்காலைத் திட்டிக்கொண்டே, தனியாக, வழி பிரியும் இடத்திலிருந்து புது வழியில் நடந்தார். மேஜை இருந்த இடம் வரை அரைக் கிலோமீட்டர். பத்தடிக்கு ஒரு தடவை முகத்தில் ஏதோ அப்பியது. துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்தது. பாதி வழியில் நின்று, தன் கையைப் பார்த்து, மெல்லச் சிரித்தார்.

7.30. கிளப் அறை. செயலாளர், நெட்டை, அக்கா. நடுவில் யாருக்கும் கொடுக்காத கோப்பை. மூக்குக் கண்ணாடியில் நூல் தொங்க இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார்.

"ராத்திரியெல்லாம் சிலந்தி பாதைக்குக் குறுக்க கட்டி வெச்சிடுது. காலையில யாரு முதல்ல போறாங்களோ அவங்க மூஞ்சியிலதான் அத்தனையும். வழி பிரியற வரைக்கும் சிறுத்தை முன்னால ஓடினார், அவர் மேல நூல் இருந்துச்சு. சரி. அதுக்கப்புறம் முன்னால ஓடினது நீங்க, நெட்டை. உங்க மேல ஒரு நூல்கூட இல்லையே?"

நெட்டை விழித்தான்.

"நீங்க கொலைகாரர் இல்ல, பயப்படாதீங்க. உங்களுக்கு முன்னாடியே ஒருத்தர் அந்தப் பாதையப் பெருக்கி வெச்சுட்டார். மேஜைப் பக்கத்துலேர்ந்து வந்து, ரிப்பனப் பழைய வழிக்கு மாத்திக் கட்டி, சிறுத்தை போனதும் திரும்ப எடுத்து வலது பக்கம் கட்டிட்டு, வந்த வழியே திரும்பினார். ஓட்டக்காரன் கண்ணு ரிப்பனத்தான் பாக்கும், தரையப் பாக்காது." அவர் அக்காவிடம் திரும்பினார். "மரமே இல்லாத கரையில, படகுல வந்து இறங்கினவங்க தொப்பியில சிலந்தி நூல் எப்படிம்மா வந்துச்சு?"

அக்கா தொப்பியைக் கழற்றினார். அதை மேஜை மேல் வைத்தார்.

"என் தம்பியை ஆஸ்பத்திரியில நான்தான் துடைச்சேன். அவன் மூஞ்சி பூரா இந்த நூல்தான். அப்படின்னா அவன்தானே முன்னால ஓடிருக்கான்? சிறுத்தை பின்னால வந்து, அவன் கத்துறதக் கேட்டுட்டுத் தாண்டிப் போயிருக்கான். இவர்கிட்ட வந்து சொன்னேன்." செயலாளரைக் காட்டினார். "சிலந்தி நூல வெச்சு வழக்குப் போடப் போறியாம்மான்னு சிரிச்சாரு. அன்னிக்குச் சாயங்காலமே சிறுத்தைக்குக் கோப்பை கொடுத்தாரு."

செயலாளர் மேஜை விரிப்பைச் சரிசெய்தார். வேறு எதையும் அவரால் சரிசெய்ய முடியவில்லை.

"என் தம்பி கிடந்த இடத்துலயே அவன் கிடக்கணும், கத்தணும், ஒருத்தன் தாண்டிப் போறத அவன் காதால கேக்கணும்னு ஆசைப்பட்டேன். ஒரு வருஷமா வேற நினைப்பே இல்ல." அக்கா நெட்டையைப் பார்த்தார். "உனக்குக் கேட்டுச்சா இல்லையா?"

நெட்டை கோப்பையிலிருந்து கண்ணை எடுத்தான். "கேட்டுச்சு. பின்னால வர்றவங்க பாத்துப்பாங்கன்னு நினைச்சேன்."

"நான் தண்ணி கொடுத்துக் கேட்டேனே, முன்னால போனவர் எங்கன்னு. 'விழுந்துட்டாரு அக்கா'ன்னு ஒரு வார்த்தை நீ சொல்லிருந்தா அந்தக் கயித்தத் தூக்கிட்டு ஓடிருப்பேன். அதுக்காகத்தான் எடுத்துட்டு வந்தேன். நீ குடிச்சுட்டு, குவளைய வீசிட்டுப் போயிட்ட." அக்காவின் குரலில் ஒரு வெற்றி இருந்தது. "பாத்தீங்களா மேடம்? எல்லாரும் ஒரே மாதிரிதான்."

இன்ஸ்பெக்டர் தொப்பியை ஒரு காகித உறையில் போட்டு மூடினார். அவருக்குக் கோபம் வந்திருந்தது. யார் மேல் என்று பிரிக்க முடியாத கோபம்.

"அவனுக்குக் கேட்டது உங்களுக்கும் கேட்டுச்சுல்ல?"

அக்கா தலையசைத்தார்.

"எவ்வளவு நேரம்?"

"ஏழு மணி வரைக்கும்."

"நெட்டை பந்தயத்துல இருந்தான். உங்களுக்கு என்னம்மா அவசரம்? கயிறு உங்க காலடியிலதான் கிடந்துச்சு."

அக்கா கோப்பைக்கு அருகே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, தம்பியின் பேரைச் சொல்லி, முதல் தடவையாக அழுதார்.