முப்பத்தேழாம் பக்கத்து ராட்சசி

"இந்தப் பக்கத்தை மட்டும் நான் அடிக்க மாட்டேங்க!"

ரெனிட்டா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். ஓசூர் பாகலூர் சாலையில் அந்தச் சின்ன அச்சகம். வெளியே சாரல். இயந்திரத்தின் முன்னால் நின்றவன் கையில் அவளுடைய புத்தகத்தின் முப்பத்தேழாம் பக்கம் இருந்தது. அவன் கண்கள்... அடடா, இத்தனை கோபத்திலும் எவ்வளவு அழகான கண்கள்! சீ, இப்போதா இதையெல்லாம் கவனிப்பது?

"ஏங்க... அதுல என்ன தப்பு?"

"இது எங்கம்மாங்க!"

அவளுக்குத் தலையில் இடி விழுந்தாற்போல் இருந்தது.

ரெனிட்டா சிப்காட்டில் ஒரு கம்பெனியில் உதிரிபாகங்களின் தரம் பார்ப்பவள். ஞாயிறு பூசை முடிந்ததும் தோழி ப்ரீதா வீட்டில் நான்கு பேர் கூடி ஒரு விளையாட்டு ஆடுவார்கள். பகடை உருட்டி, கற்பனைக் காட்டுக்குள் வீரர்களாகப் போய், பூதங்களோடு மோத வேண்டும். அந்தப் பூதங்களின் படம், பலம், பலவீனம் எல்லாவற்றையும் அவர்களே ஒரு புத்தகமாக்கிக்கொண்டிருந்தார்கள். எது உள்ளே வரலாம், எது கூடாது என்று முடிவு செய்வது ரெனிட்டாதான். அறுபதில் இருபதை ஈவிரக்கமில்லாமல் தள்ளியிருந்தாள். ஆனால் மூன்று வாய் ராட்சசியை மட்டும் யாரையும் தொட விடவில்லை.

காரணம் இருந்தது. ஆறு மாதத்துக்கு முன் பஸ் ஸ்டாண்டில் ஒரு பூக்கூடையிலிருந்து ரோஜாவை எடுத்து, வாங்குவதற்கு முன்பே முகர்ந்துவிட்டாள். அவ்வளவுதான்!

"சாமிக்குப் போற பூவ மோந்துட்டியே, புத்தி இல்வா?"

தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மாறி மாறி அந்தப் பூக்காரம்மா பிடித்த பிடியில் பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கூனிக்குறுகி வீட்டுக்கு வந்தவள் அன்றே பென்சிலை எடுத்தாள். மொழிக்கு ஒரு வாயாக மூன்று வாய். தாடையில் மச்சம். பச்சைக்கல் மூக்குத்தி... அச்சு அசலாக அதே முகம்.

"உங்கம்மா ஊரே பார்க்க என்னைத் திட்டினாங்க, தெரியுமா?" என்றாள் வீம்பாக.

"நீங்க மோந்த பூவ வேற யாருங்க சாமிக்கு வாங்குவாங்க? மூணு மணிக்கு எந்திரிச்சுக் கட்டற பூங்க அது. ஒரு மன்னிப்பாவது கேட்டீங்களா?"

கேட்கவில்லை. பஸ் ஏறி ஓடிவிட்டாள்!

"மத்த பக்கமெல்லாம் சனிக்கிழமை ரெடியா இருக்கும். என் பேரு சிவராஜ். அதச் சொல்லிக் கேளுங்க, எடுத்துத் தருவாங்க." அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் நனைந்துகொண்டே வெளியேறினாள்.

"பைத்தியமாடி உனக்கு? நம்ம புக்லயே சூப்பர் பக்கம் அதுதான்! வேற கடையில அடிச்சுக்கலாம்," என்றாள் ப்ரீதா போனில்.

ரெனிட்டா புத்தகத்தை மறுபடி புரட்டினாள். பாலத்தடியில் ஒளிந்து ஆளை விழுங்கும் பூதம், தூங்குகிறவர் மூச்சைக் குடிக்கும் பேய்... எல்லாமே தானாக வம்புக்கு வருபவை. இந்த அம்மா வரவில்லையே... வம்பு செய்தது நான்தானே? என் வெட்கத்துக்கு ஒரு மூக்குத்தியை மாட்டி ராட்சசி என்று பெயர் வைத்துவிட்டேனே! அந்தப் பக்கத்தை அப்போதே அழித்தாள். அவனுடைய கண்களைத்தான் மனசிலிருந்து அழிக்க முடியவில்லை.

சனிக்கிழமை அச்சகத்துக்குப் போகும் முன் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாள். அதே மச்சம், அதே மூக்குத்தி. பக்கத்தில்... ஐயோ, அவன்! அம்மாவுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்திருந்த சிவராஜ், அவளைப் பார்த்ததும் தூக்குப் பாத்திரத்தோடு அப்படியே நின்றுவிட்டான்.

"அம்மா, அன்னிக்குப் பூவை மோந்தது நான்தாங்க. மன்னிச்சுக்கங்க. அப்புறம் உங்களை... ராட்சசியா..."

"வரைஞ்சவ நீதானா?" என்றாள் அவன் அம்மா நஞ்சம்மா. "ஏன் கண்ணு, மூணு வாய் எதுக்கு? நான் ஒரே வாயில மூணும் பேசறேனே!"

ரெனிட்டா அதிர்ந்தாள். "பார்த்துட்டீங்களா?"

"மூணு நாளா இவன் அதத் தலகாணிக்கடியில ஒளிச்சு வெச்சு, எடுத்து எடுத்துப் பாக்கறான். அம்மா மேல இம்புட்டுப் பாசமானு எனக்கே ஆச்சரியம்! அப்புறம் பாத்தா வெரலு என் மூஞ்சி மேல இல்ல. கீழ இருந்த உன் பேரு மேல!"

"அம்மா...!" சிவராஜ் காதுவரை சிவந்தான். "அன்னிக்கு நான் பேசினது ரொம்ப அதிகங்க. நீங்க நனைஞ்சுட்டே போனீங்க... கூப்பிடலாம்னு வாசல் வரைக்கும் வந்தேன். வாய் வரல."

மழை பிடித்துக்கொண்டது. மூன்று பேரும் ஒரே தார்ப்பாயின் கீழ் ஒண்டினார்கள். அவன் தோள் அவ்வளவு அருகில்...

"அந்தப் பக்கத்தை எடுத்துட்டேங்க," என்றாள். "ஆனா அதைச் சொல்ல மட்டும் வரல. நான் சர்ச்சுக்குப் போற பொண்ணு. எங்க வீட்டுல என்ன சொல்வாங்கனு தெரியாது. இருந்தாலும்... உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. கோவமா பார்த்தீங்களே, அப்பவே."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோமே என்று அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நஞ்சம்மாவின் கையில் பாதி கட்டிய சரம் அப்படியே நின்றது. மகனை முழங்கையால் இடித்தாள்.

"மரமாட்டம் நிக்கறியே! அந்தப் பொண்ணு எவ்ளோ நேரம் காத்துக் கெடக்கும்? பதில் சொல்லுடா!"

"எனக்கும்தாங்க..." என்றான் சிவராஜ்.