நிழல் வரி

காலை ஏழு மணிக்கெல்லாம் ஆம்பூர் தெருக்கள் காலியாகிவிடும். அதற்குமேல் அந்த வெயிலில் நடப்பவர்கள் நிழலளவர்கள் மட்டும்தான். நாகேஸ்வரி அவர்களில் ஒருத்தி. கையிலிருக்கும் நிழல்மானியை ஒரு முற்றத்தில் நீட்டினால் போதும், அங்கே எத்தனை சதுர அடி நிழல் விழுகிறது என்று காட்டிவிடும்.

நான்கு வருடத்துக்கு முன் இந்தக் கணக்கெடுப்பு தொடங்கியபோது, மயங்கி விழுபவர்களை எங்கே கிடத்தலாம் என்று ஆம்புலன்ஸ்காரர்களுக்குத் தெரிவதற்காக என்றார்கள். நாகேஸ்வரி அதை அப்படியே நம்பினாள். வரி கிரி எதுவும் வராது என்று வீடு வீடாக வாக்குக் கொடுத்தாள். தையல்காரி ஜைபுன்னிசா ஒருபடி மேலே போய், மதிலைத் தாண்டித் தெருவில் விழும் வேப்பநிழலையும் தன் பேரிலேயே எழுதச் சொன்னாள். தெருவுக்கே நிழல் தருகிற வீடு என்று பெயர் வரட்டுமே என்ற ஆசை.

மறு வருடமே நிழல் வரி வந்தது. இரண்டே வருடத்துக்குத்தான் என்றார்கள். மூன்றாம் வருடம் அது போகவில்லை. அதன் தலையில் பராமரிப்பு செஸ் என்று கூடுதல் வரி ஒன்றும் ஏறி உட்கார்ந்தது. அரசாங்கத்துக்கு வரியைப் போடத் தெரியும், எடுக்கத்தான் மனசு வராது. மரம் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வெட்டத் தொடங்கினார்கள்.

இன்று ஜைபுன்னிசாவின் முற்றத்தில் நிழல்மானி பூஜ்யம் காட்டியது. வேம்பு நின்ற இடத்தில் அடிக்கட்டை மட்டும் இருந்தது. தன்னை ஏமாற்றியவர்களிடமே சம்பளம் வாங்குகிறோம் என்பது நாகேஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது.

போன வாரம் வந்த புதுப் படிவத்தைத் திறந்தாள். வெயிலில் மயங்கியவர்கள் வீட்டில் உண்டா என்று கேட்டாள். இருந்தால், பின்னால் வரும் டாக்டர் வண்டி உடனே வாசலில் நிற்கும் என்றும் சொன்னாள்.

"யாரும் இல்ல," என்றாள் ஜைபுன்னிசா, கதவை மறித்துக்கொண்டு.

அவள் தோளுக்குப் பின்னால் கட்டில் தெரிந்தது. அவள் கணவர் ரஹீம் நெற்றியில் ஈரத்துணியோடு, கண் செருகிக் கிடந்தார்.

"அக்கா, இது நிஜமாவே டாக்டருக்குத்தான்."

"அன்னிக்கும் நீ நிஜமாத்தான் சொன்ன. உன்மேல கோவம் இல்ல. இவர எழுதிட்டுப் போனா, அடுத்த வருஷம் இவருக்கு என்ன போடுவாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

நாகேஸ்வரிக்குத் தெரியவில்லை. உள்ளே ரஹீம் முனகினார். ஜைபுன்னிசா கதவைச் சாத்தினாள்.

நாகேஸ்வரி 'இல்லை' என்று பதிந்தாள். டாக்டர் வண்டி அந்த வாசலைத் தாண்டிப் போனது.