ஏழாம் வரிசையின் காரல்

விடிந்ததும் ஒரு சொட்டு எண்ணெய் விழுங்கிப் பார்ப்பது கமுதி வட்டாரத்தில் எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். மழை நின்றுபோய் வயல்கள் ஆலிவ் தோப்புகளான பிறகு, எந்த மரத்துக்குத் தண்ணீர் என்பதைத் தொண்டைதான் சொல்கிறது. பூரணச்செல்வி பிஞ்சுக் காய்களைப் பிழிந்து வரிசை வரிசையாக ருசி பார்த்தாள். மற்ற வரிசைகளெல்லாம் தொண்டையைப் பிடித்து இருமவைத்தன. ஏழாம் வரிசை மட்டும் வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு போனது.

"இந்தத் தடவையும் சப்புன்னு இருக்குங்க."

கணவன் காத்தமுத்துவும் விழுங்கிவிட்டு இருமலுக்குக் காத்திருந்தான். வரவில்லை. "நாமளா இருமிக் காட்டுவமா?"

"சுவைமானிகிட்டயா நடிக்கப் போறீங்க?"

இருமவைக்கும் அந்தக் காரல்தான் எண்ணெயின் மருந்துக் குணம். நீர்ச்சபையின் சுவைமானி இரண்டு பருவம் தொடர்ந்து காரலைக் காணாவிட்டால் அந்த வரிசையின் நீர்ப்பங்கை அடைத்துவிடும். போன பருவமே ஏழாம் வரிசை தோற்றிருந்தது. அது அவர்கள் கல்யாணமான வாரத்தில் நட்ட வரிசை. அறுவடைக்கு மூன்று மாதமே இருந்தது.

ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே ஆட்டெரு. ஈரத்தையும் உப்பையும் மட்டுமே அறிந்த மண்ணுணரிக்கு விடை தெரியவில்லை. தோப்பிலேயே கரும்பச்சையாகத் தழைத்து நின்றதும் அந்த வரிசைதான். பூரணச்செல்விக்கு அதுதான் உறுத்தியது.

மறுநாள் காலை கேப்பைக் கூழோடு தோப்புக்குப் போனாள். கணவனின் குறட்டை தாங்காமல் இரண்டு வருடம் முன்பு அவன் கட்டிலை ஏழாம் வரிசைக்கு அனுப்பியவள் அவள்தான். முன்பெல்லாம் ஆட்டுக்கிடையை நாளுக்கு ஓரிடமாக மாற்றிப் போடுவார்கள். இப்போது ஆடுகளின் கழுத்துப்பட்டையே கண்காணா வேலி. தோப்பு முழுக்க அவை பரவிப் படுக்கும் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் மந்தை மொத்தமும் கட்டிலைச் சுற்றிக் கிடந்தது. ஒரு கிடா அவன் காலில் தலைவைத்து உறங்கியது.

"எந்திரிங்க! குத்தவாளி நீங்கதான்."

"தூங்குனது ஒரு குத்தமா புள்ள?"

"எரு பூராவும் இங்கயேதான் விழுது. மழை இருந்தாக் கரைச்சுக் கொண்டு போயிருக்கும். இப்ப சொட்டுநீர் அதைக் கரைச்சு நேரா வேருக்கு ஊட்டுது."

"சோறு கூடுனா மரத்துக்கு நல்லதுதானே?"

"வயிறு நெறஞ்ச மரம் இலைதான் விடும். கொஞ்சம் பசியும் தாகமும் இருந்தாத்தான் தன்னைக் காப்பாத்திக்கக் காரலைச் சேக்கும்."

காத்தமுத்து கிடாவைத் தடவினான். "பாத்தியா, என் கொறட்டையோட அருமை இதுகளுக்குத் தெரியுது."

அன்றே எருவைச் சுரண்டி மற்ற வரிசைகளுக்குப் பரப்பினார்கள். காத்தமுத்துவின் கட்டிலோ இரும்புக் கட்டில். தினமும் தூக்கி இடம் மாற்ற இரண்டு ஆள் வேண்டும். அதனால் பூரணச்செல்வியும் தோப்பில் படுக்க வந்துவிட்டாள், காதில் பஞ்சோடு.

அறுவடை நாளில் ஏழாம் வரிசை எண்ணெயை விழுங்கி, கண்ணில் நீர் வர இருமினாள். சுவைமானி பச்சை காட்டியது. அவர்கள் செய்தது இவ்வளவுதான்: அந்திக்கு அந்தி கட்டிலை ஒரு வரிசை தள்ளிப் போட்டார்கள், அறுவடை வரை ஏழாவதை மட்டும் தாண்டி. ஆடுகள் கட்டிலின் பின்னாலேயே போயின, எருவும் கூடவே போனது.