சரக்கைத் தின்னும் கப்பல்

லீவில் வந்தால் முதல் வாரம் தரணிதரனுக்குத் தூக்கமே பிடிக்காது. மாதக்கணக்கில் கப்பல் இன்ஜின் ரூமின் இரைச்சலில் கிடந்த காதுக்கு, மலைமேல் இருக்கும் குண்டூர் நாட்டின் அமைதி ஒத்துக்கொள்வதில்லை. இந்த முறை வந்த அன்றே அடித்துப் போட்டதுபோல் தூங்கினான். அது ஏன் என்று ஒரு வாரமாக யோசிக்கவும் இல்லை.

மனைவி ராதிகாதான் கேட்டாள். "ஏனுங்க, நீங்க வந்ததுல இருந்து ஊட்டுக்குள்ள மில்லு ஓடற மாதிரி ஒரு சத்தம். உங்களுக்குக் கேக்கலீங்களா?"

அட, ஆமாம். மிளகு வாசனையும் ஈரச்சுவரின் வாடையும் கலந்த அந்த வீட்டில், சன்னல் கம்பி மெல்ல அதிர, சொம்புத் தண்ணீரில் ஓயாமல் சின்னச் சின்ன வளையங்கள் விரிய, அந்தச் சத்தம் ஓடிக்கொண்டேதான் இருந்தது. அதில்தான் இத்தனை நாளும் சுகமாகத் தூங்கியிருக்கிறான்.

எரிவாயுவைக் குளிரவைத்துத் திரவமாக்கிச் சுமக்கும் புதுக் கப்பலில் அவன் இன்ஜினியர். பழைய கப்பல்கள் கொதிகலனில் நீராவி ஆக்கியே எரிபொருளைக் குடித்துத் தீர்க்கும். இதில் அப்படியில்லை. தொட்டியை எப்படி மூடினாலும் சரக்கிலிருந்து கொஞ்சம் வாயு எழும். அதையே இழுத்து இன்ஜினில் எரித்து, மின்சாரம் எடுத்து, கப்பலை ஓட்டுவார்கள். "ஒரு பொட்டு வீணாகாது!" என்று வந்த அன்று பீற்றிக்கொண்டான்.

மடியில் இருந்த ஐந்து வயது சபரீஷ், "அப்ப அது சொமக்கறதையே திங்குமாப்பா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாளிலிருந்து பிள்ளைக்குக் கைகால் சில்லிட்டது. காய்ச்சல் இல்லை. மலைக்குளிர் என்றார் டாக்டர். இவன் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துப் படுத்தான். காலையில் இன்னும் சில்லிட்டிருந்தது. இன்னும் இறுக்கி அணைத்தான். ஒரு வாரமாகியும் தேறவில்லை.

"ஜீப்புக்குச் சொல்லிப்போட்டு வாரேன். கீழ பேளுக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிரலாம்" என்று ராதிகா ஓடினாள். வெளியே பொழுது சாய்ந்து மூடுபனி இறங்கியது.

தரணிதரன் நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். முனையை இன்ஜின் மேல் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்தால் உள்ளே ஓடுவது கேட்கும். கப்பலில் அன்றாடப் பழக்கம் அது. சுவரில் வைத்தான். ஒன்றுமில்லை. தரையில், கதவு நிலையில். இல்லை. ஆனால் எங்கே நகர்ந்தாலும் சத்தம் கூடவே வந்தது.

தன் நெஞ்செலும்பில் வைத்தான்.

சீராக ஓடியது.

"அப்பா, குளுருது."

"வேண்டாஞ் சாமி! கிட்ட வராதே!"

பிள்ளை அதற்குள் கழுத்தைக் கட்டிக்கொண்டான். கனமே இல்லை. வாயிலிருந்து வெள்ளையாக ஆவி எழுந்தது. மேலே போகவில்லை. இவன் சட்டைக்குள் இறங்கியது. சத்தம் கூடியது. பிள்ளையின் கைகளைப் பிரிக்கப் பார்த்தான். உறைபனிக் குழாயில் ஈரக்கை ஒட்டியதுபோல் ஒட்டியிருந்தன.

ஜீப் வந்தது. "இறுக்கிப் புடிச்சுக்கோங்க, சூடாயிரும்" என்று ராதிகா இருவரையும் சேர்த்துப் போர்வையால் சுற்றினாள். பிரித்து எடு என்று கத்த வாயைத் திறந்தான். பேச்சு வரவில்லை. இரைச்சல்தான் வந்தது.

மலை இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்க டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

சத்தம் நிற்கவில்லை.

ராதிகா திரும்பிப் பார்த்தாள். அவன் நெஞ்சின் மேல் போர்வை மெல்ல மெல்லத் தட்டையாகிக்கொண்டிருந்தது.