வரிசையின் கடைசி ஆள்

உருத்திரபுரத்துப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி நெருங்கிவிட்டது. அணிநடையில் முதலில் செல்பவர் பெயர்ப்பலகை பிடிப்பார். கடைசியில் வருபவர் கொடி பிடிப்பார்.

அந்த இருவரையும் சொல்ல, எட்டாம் வகுப்பு யதுர்ஷிகா கணினியில் ஒரு செய்நிரல் எழுதியிருந்தாள். பட்டியலில் இருபது பெயர்கள். கணினி பூச்சியத்திலிருந்து எண்ணும். ஆகவே முதல் பெயருக்குப் பூச்சியம், கடைசிப் பெயருக்குப் பத்தொன்பது என்று போட்டிருந்தாள். கொடி விதுசனுக்குக் கிடைத்தது.

திங்கட்கிழமை துணுக்காயிலிருந்து ஜெயரூபி புதிதாக வந்து சேர்ந்தாள். விமலேஸ்வரி ரீச்சர் அவளுடைய பெயரைப் பட்டியலின் அடியில் சேர்த்தார். திரும்பவும் கணினி, ‘கொடி: விதுசன்’ என்றது.

ஒத்திகையில் கொடிக்குப் பின்னால் வெறுங்கையோடு நடந்தாள் ஜெயரூபி. பிறகு, ரீச்சரும் யதுர்ஷிகாவும் இருந்த கணினி அறைக்கு வந்து மெல்லக் கேட்டாள்.

“ரீச்சர், கணினி என்னை எண்ணேல்லையோ?”

யதுர்ஷிகாவுக்கு முகம் சுட்டது. “என்ர பிழைதான், ரீச்சர்.”

பத்தொன்பதை அழித்து இருபது என்று போட்டாள். உடனே அவளுடைய விரல் நின்றது. நாளைக்கு இன்னொருவர் சேர்ந்தால்? ஒருவர் வராவிட்டால்?

யன்னலுக்கு வெளியே கலைந்துகொண்டிருந்த வரிசையைப் பார்த்தாள். பின்னாலிருந்து எண்ணினால், எத்தனை பேர் நின்றாலும் கடைசி ஆள் கடைசி ஆள்தானே!

மைனஸ் போட்டால் கணினி பின்னாலிருந்து எண்ணும். இருபதை அழித்து மைனஸ் ஒன்று என்று போட்டாள். திரையில் ‘ஜெயரூபி’ என்று வந்தது.

“ஏன் மைனஸ் பூச்சியம் போடேல்லை?” என்று கேட்டான், கொடியோடு உள்ளே வந்திருந்த விதுசன்.

“மைனஸ் பூச்சியமும் பூச்சியம்தானே. முதல் ஆளின்ர பேர்தான் வரும்.”

விதுசன் கொடிக்கம்பைத் தடவினான். “நான் வீட்டிலை சொல்லிப்போட்டன்...”

யதுர்ஷிகா ரீச்சர் பக்கம் திரும்பினாள். “ரீச்சர், மேளம் அடிக்க ஆள் இருக்கோ?”

“இன்னும் இல்லைப் பிள்ளை.”

“கடைசி ஆளுக்கு முன்னால நிக்கிற ஆள் அடிக்கட்டுமே. அது மைனஸ் ரெண்டு.”

திரையில் ‘மேளம்: விதுசன்’ என்று வந்தது. அவன் சிரித்துவிட்டான். “மைனஸ் எண்டாலும் நான் சத்தமா அடிப்பன்!”

கொடியை அவனே ஜெயரூபியிடம் நீட்டினான்.

போட்டியன்று, வரிசையின் நடுவில் நடக்கவேண்டிய பிரதீபனுக்குக் காய்ச்சல். ரீச்சர் அவனுடைய பெயரை எடுத்துவிட்டார். பட்டியல் மறுபடி இருபதானது. செய்நிரலை யாரும் தொடவில்லை.

மேளம் முழங்க வரிசை நகர்ந்தது. காற்றில் கொடி முகத்தை மூட, ஒரு கையால் அதை ஒதுக்கிக்கொண்டு, கால் பிசகாமல் கடைசியில் நடந்து வந்தாள் ஜெயரூபி.