செவ்வாயும் வெள்ளியும் வந்த அரிப்பு

வீட்டில் அவளை றெக்கை என்றுதான் கூப்பிடுவார்கள். பத்து வயது. கால் தரையில் பாவாமல் ஓடுவாள். வேர்க்கடலை மட்டும் அவளுக்கு ஆகாது. ஒன்றைக் கடித்தாலே உதடு வீங்கி மூச்சு முட்டும்.

அந்த ஒவ்வாமை ஏன் வருகிறது, எப்படிக் குணமாக்கலாம் என்று ஒரு மருத்துவமனையில் ஆராய்ந்தார்கள். றெக்கையும் அதில் சேர்ந்திருந்தாள். தினமும் காலையில், அளந்து கொடுத்த துளிக் கடலைப்பொடியைத் தயிரில் கலந்து சாப்பிட வேண்டும். உடம்பு மெல்லப் பழகுகிறதா என்று பார்ப்பார்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஓடக் கூடாது; ஓடினால் ஒவ்வாமை கிளம்பிவிடும். நடந்ததையெல்லாம் நோட்டில் எழுத வேண்டும்.

ஐந்தாவது மாதம் டாக்டர் நோட்டைப் புரட்டினார்.

"ஒரே மாசத்துல எட்டு தடவை அரிப்பா?"

"ஆமா டாக்டர். கையெல்லாம் தடிப்பு தடிப்பா வந்துச்சு," என்றார் அப்பா.

"பொடி ஒத்துக்கலை போல. இத்தோட நிறுத்திடலாம்."

அப்பாவின் முகம் தொங்கிப்போனது. காரணம் றெக்கைக்குத் தெரியும். அந்த எட்டு நாளும் செவ்வாய், வெள்ளி. ஓட்டப் போட்டிக்காகப் பள்ளியில் காலைப் பயிற்சி. 'சும்மா வேடிக்கைதான் பாக்குறேன்' என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தாள். உண்மையைச் சொன்னால் போட்டி போச்சு.

கதவுக்கு வெளியே ஒரு வாண்டு தன் அம்மாவின் மடியில் காத்திருந்தான். அவனுக்கும் இதே பொடிதான். பொடி சரியில்லை என்று டாக்டர் எழுதிவிட்டால்?

"டாக்டர், தப்பு பொடி மேல இல்ல. என் கால் மேலதான்."

"என்னது?"

"பொடி சாப்பிட்டுட்டு ஓடினேன். நோட்டுல எழுதல."

"அடிப்பாவி! தடிப்பப் பாத்து எங்க உசுரு எங்க கையில இல்லையே!" என்றார் அப்பா.

டாக்டர் தேதிகளை விரல் வைத்துப் பார்த்தார். "மூச்சு அடைச்சிருந்தா என்ன ஆகியிருக்கும், தெரியுமா?"

றெக்கை தலைகுனிந்தாள். "இனிமே மறைக்க மாட்டேன்." பிறகு மெதுவாகக் கேட்டாள், "பொடிய சாயங்காலம் சாப்பிடலாமா டாக்டர்? வீட்டுப்பாடம் எழுதுற நேரத்துல நான் அசையவே மாட்டேன்."

"அது நிஜம். பேனாகூட அசையாது," என்றார் அப்பா.

டாக்டர் சிரித்துவிட்டார். "சரி, அப்படியே செஞ்சு பாப்போம்."

அடுத்த மாதம் அரிப்பு எட்டிப் பார்க்கவில்லை. ஆராய்ச்சியில் இருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் புது நோட்டு வந்தது. அதில் ஒரு வரி கூடுதலாக அச்சாகியிருந்தது: 'இன்று ஓடினாயா? திட்ட மாட்டோம், எழுது.'

றெக்கை எழுதினாள்: 'ஓடினேன். இரண்டாம் பரிசு.'