மரத்தைச் சுற்றிய கைகள்

எப்சிபா எதனையும் முன்கூட்டியே ஆயத்தஞ் செய்பவள். நத்தார் மாலையில் கிறிஸ்மஸ் மரத்தைச் சுவரோரமாக வையாமல் அறையின் நடுவே நிறுத்துவாள். மின்விளக்குகளை அணைத்துக் கிளைகளில் மெழுகுதிரிகளை ஏற்றுவாள். பின்னர் வீட்டார் அனைவரும் கைகோத்துப் பாடியவாறே மரத்தைச் சுற்றுவர். டேனிஷ் அயலவரிடம் கற்ற இவ்வழக்கத்தை, அவர்கள் நாட்டின் பிராண்டே நகருக்கு வந்த காலந்தொட்டு அவள் விட்டதில்லை.

போர் முடிந்த அவ்வாண்டு மார்கழியில் பனி விடாது கொட்டியது. மகன் அனுஷன் எஸ்பியர்க்கிலிருந்து தொலைபேசியில் அழைத்து, வீதி மூடுண்டு கிடப்பதாகவும் மறுநாள்தான் குடும்பத்தோடு வர இயலுமென்றும் சொல்லிவிட்டான். இனி ரொறன்ரோவிலிருந்து தம்பி றொபேட் அழைப்பான். அவனுக்கு அவள் ஒரு மறுமொழி சொல்லவேண்டியிருந்தது.

தங்கை விமலராணிக்கு வரும் தையில் நினைவாராதனை வைப்பதா, வேண்டாமா?

முல்லைத்தீவுக் கடற்கரையில் தறப்பாள் விரிப்பால் கூரையிட்ட ஒரு கொட்டிலிலிருந்து, சித்திரை மாதத்தில், விமலராணி கடைசியாகத் தொலைபேசியில் கதைத்தாள். அவளைத் தேற்றுவதற்காக எப்சிபா நத்தாரைப் பற்றிச் சொன்னாள். "மரத்தைச் சுத்துறதோ? அதென்னக்கா, கோயிலோ?" என்று குண்டுச் சத்தத்தினிடையே அவள் சிரித்தாள். பின்பு, "வாற நத்தாருக்கு எனக்கும் ஒரு இடம் விடுங்கோ," என்றாள். அதன்பின் எந்த முகாமிலும் எந்த மருத்துவமனையிலும் அவளைக் கண்டவர் இல்லை. "உடலைக் காணாமல் எப்பிடித் தம்பி?" என்றே எப்சிபா காலங் கடத்தி வந்தாள்.

அவளுடைய கணவர் தேவநாயகம் அவள் முகத்தைக் கவனித்தார்.

"இஞ்சரும், பிள்ளையள் வராட்டி என்ன? நாங்கள் ரெண்டு பேரும் சுத்துவம். கலியாணம் கட்டின புதுசு மாதிரி."

"உங்கட முழங்கால் விடுமோ?"

"அது விடும். நீர் கையைத் தாரும்."

விளக்குகள் அணைந்தன. மரமோ அகலமானது. அவளது இடக்கை அவர் கையோடு கோத்துக்கொண்டது. மறுபக்கத்துக் கைகள் கிளைகளுக்கு அப்பால் ஒன்றையொன்று எட்டமாட்டாமல் வெறுமையாக நீண்டிருந்தன. இருவரும் பாடியபடி நடந்தனர்.

முதற் சுற்றில் பாட்டு மட்டுமே கேட்டது.

அடுத்த சுற்றில் ஒரு நாற்றம் எழுந்தது. உப்புநீரும் எரிந்த தறப்பாளும் கலந்த நாற்றம். காற்றே புகாத அவ்வறையில் சுடர்கள் யாவும் ஒரே பக்கமாகச் சாய்ந்தன.

ஈரக் காலடி ஒன்று தரையிற் பதிந்தது.

அவளுடைய வெறுங்கையை ஒரு கை பற்றியது.

குளிர்ந்த கை. விரல்களினிடையே மணல் நறநறத்தது.

"எட்டிப் பிடிச்சிட்டீங்களே," என்றாள் எப்சிபா.

மரத்துக்கு அப்பாலிருந்து தேவநாயகத்தின் குரல் தாழ்ந்து ஒலித்தது.

"நானோ? நீரெல்லோ என்ர மற்றக் கையைப் பிடிச்சிருக்கிறீர். ஏனப்பா இப்பிடிக் குளிருது?"

அவர்கள் இருவரும் நின்றுவிட்டனர்.

வட்டம் நிற்கவில்லை.

அது அவர்களை இழுத்துக்கொண்டு சுற்றியது. பாட்டை எவரும் பாடவில்லை. எனினும் நீருக்குள்ளிருந்து எழுவது போன்ற ஒரு குரல் அதனை முணுமுணுத்தது. எப்சிபா அஞ்சியஞ்சி அக்கையைத் தன் பெருவிரலால் தடவினாள். சுண்டுவிரல் வெளிப்புறமாக வளைந்திருந்தது.

சிறுவயதிற் கிணற்றுக் கப்பியில் அகப்பட்டு வளைந்த விரல். விமலராணியின் விரல்.

தேவநாயகம் கைகளை உதறிக்கொண்டு ஓடிப்போய் விளக்கைப் போட்டார். அறையில் அவர்கள் இருவரே நின்றனர். மரத்தைச் சுற்றி வெறுங்காற் சுவடுகள் ஈரமாய்ப் பளபளத்தன.

"கதவு பூட்டித்தானே கிடக்கு?" என்று அவர் கிசுகிசுத்தார்.

தொலைபேசி ஒலித்தது.

வலப்பக்கத்து மேசையிலிருந்த அதனை அவள் இடக்கையை வளைத்து எடுத்தாள். வலக்கையை விடுவிக்க அவளால் இயலவில்லை. அதன் விரல்கள் வெறுங்காற்றிற் கோத்தபடியே இருந்தன. நுனிகளிலிருந்து நீர் சொட்டியது.

"அக்கா, றொபேட் கதைக்கிறன். என்ன முடிவெடுத்தனீங்கள்?"

வலக்கையிற் பிடி சற்றே இறுகியது.

"இனித் தேடவேண்டாம் தம்பி," என்றாள் எப்சிபா. "ஆராதனையைத் தையிலேயே வை."